காக்கைகளைக் கூப்பிடும் மகான்

பிஷ்கெக் நகரத்தில் அந்தக் குளிர்காலம் யாருக்குமே நோய் இல்லை. எல்லா நோயையும் காக்கைகள் கொண்டுபோய்விட்டன. ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மட்டும் ஏனோ கட்டில் காலியில்லை!

பொழுது சாயும் நேரம் ஓக் மரப் பூங்காவில் கூட்டம் நெரியும். நடுவில் துலோமுஷ் மகான் நிற்பார். போன வருஷம் வரை கைப்பேசிக்கு உறை விற்றவர். இப்போது வெள்ளைக் கம்பளித் தொப்பி, வெல்வெட் அங்கி, கையில் கோல். பக்தர்கள் ஆளுக்கொரு அக்ரூட் கொட்டையில் தங்கள் நோயைச் சொல்லி அவர் சாக்கில் போடுவார்கள். காணிக்கை தனி. மகான் நீட்டி முழக்கிப் பிரார்த்தனை செய்து, கோலைத் தூக்கி ஓலமிடுவார்:

"வாங்கடா என் கறுப்புப் பிள்ளைகளா!"

வானம் கறுக்கும். ஆயிரக்கணக்கில் காக்கைகள் வந்து மரங்களில் இறங்கும். ஜனங்கள் அழுவார்கள். தலையில் எச்சம் விழுந்தால் கூடுதல் புண்ணியம் என்று துடைக்காமலே வீட்டுக்குப் போவார்கள். நோய் ஏறிய கொட்டைகளோ, மறுநாள் காலை சந்தையில் மகானின் மனைவி கடையில் இருக்கும். ஊரின் மூட்டுவலியை ஊரே எடைபோட்டு வாங்கித் தின்றது.

ஷாயிர்கூலுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவள் அண்ணன் மேதர் தன் சர்க்கரை நோயையும் அந்தச் சாக்கில் போட்டுவிட்டு வரும்வரை. நகரத்துப் பறவைகளை ஆராய்வதுதான் அவள் வேலை.

"இன்சுலின் எங்கண்ணே?"

"குப்பையில போட்டுட்டேன். நோயே போனப்புறம் ஊசி எதுக்கு?" என்றபடி மேதர் மூன்றாவது குவளைத் தண்ணீரைக் குடித்தான். நாக்கு அப்படி வறண்டிருந்தது.

"அண்ணே, வடக்கே பனி கொட்டினா காக்காங்க வருஷா வருஷம் இங்க வருது. பகல்ல ஊருக்கு வெளிய குப்பைமேட்டுல மேயும். தூங்க ஊருக்குள்ள வரும். இங்க கதகதப்பு, வெளிச்சம், துப்பாக்கிக்காரன் தொல்லையும் இல்ல. நான் அதுங்க பின்னாடிதானே இத்தனை வருஷமா சுத்தறேன்?"

"அதான் சொல்றேன். நீ பின்னாடி சுத்தற. அவரு கூப்பிட்டா வருது. யாரு பெரிய ஆளு?"

இப்படியே விட்டால் அண்ணன் பிழைக்கமாட்டான். வாதாடிப் பிரயோசனமில்லை என்றும் ஷாயிர்கூலுக்குப் புரிந்தது.

"சரிண்ணே, நீ சொல்றதே சரி. அவ்வளவு பெரிய மனுசருக்கு நம்ம வீட்டுல ஒரு விருந்து வைக்க வேண்டாமா?"

மேதர் உருகிப்போனான்.

மேதரின் மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே பூங்கா. மேகம் மூடிய ஒரு நாளைப் பார்த்து அவள் விருந்து வைத்தாள். மகான் வந்து மெத்தையில் சாய்ந்தார். தேநீர் வந்தது. பொரித்த ரொட்டி வந்தது. குதிரைக்கறி வந்தது. பெரிய விருந்தாளிக்கென்றே வைக்கும் ஆட்டுத் தலை மட்டும் வரவில்லை. மகான் அடிக்கடி கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டார்.

"தலை வர்றதுக்கு முன்னாடி எந்திரிச்சீங்கன்னா எங்க மானமே போயிரும், பெரியவரே!" என்று மேதர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சூரியன் சாய இன்னும் நேரமிருக்குப்பா. இன்னும் கொஞ்சம் கொழுப்புப் போடும்மா."

மேகம் மூடினால் காக்கைகள் சீக்கிரமே தூங்க வந்துவிடும். ஷாயிர்கூலுக்கு அது தெரியும். முன்கூட்டியே போய் நின்று, அவை வரும்வரை பிரார்த்தனையை இழுத்தடிக்கிற மகானுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

தலை வந்தது. மகான் அதன் காதை அறுத்து வாயில் வைத்த நேரம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேதர் எழுந்து போய்ப் பார்த்தான்.

"பெரியவரே... வந்துட்டாங்க."

"யாருப்பா?"

"உங்க கறுப்புப் பிள்ளைங்க."

அவன் ஜன்னலை அகலத் திறந்தான். மகான் பதறி எழுந்து, மென்றபடியே எட்டிப் பார்த்தார். கீழே பூங்காவில் காத்திருந்த கூட்டத்தில் ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, மகான் அங்க கறி தின்னுட்டு இருக்காரு! அப்ப இதுங்களை யாரு கூப்பிட்டது?"

"நான்தான்... மனசுக்குள்ள கூப்பிட்டேன்."

"அப்ப வாயால கொழுப்புக் கேட்டது யாரு?" என்றாள் ஷாயிர்கூல். "சரி, எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு காக்காவை இந்த ஜன்னலுக்குக் கூப்பிடுங்க."

மகான் தலையை வெளியே நீட்டி, கையை உயர்த்தி, "வாடா!" என்றார். ஒரு காக்கையும் திரும்பிப் பார்க்கவில்லை. பறந்துபோன ஒன்று மட்டும் பதில் சொன்னது, நேராக அவர் தொப்பியில்.

"துடைக்காதீங்க மகானே, புண்ணியம்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. பூங்காவே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவரவர் காணிக்கை ஞாபகம் வந்து மாடிப்படியை நோக்கி ஓடினார்கள். மகான் பின்படி வழியாகக் கம்பி நீட்டினார்.

மேதர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"ஊசி வாங்கி வச்சிருப்பியே. போடு."

குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பின்னால் அது தயாராக இருந்தது. ஊசி போடும்போது அவள் அழுதேவிட்டாள்.

மறுநாள் பூங்காவில் ஒரு பெண் ஷாயிர்கூலை ஓரமாக இழுத்துக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்குத்தான் காக்கை விஷயமெல்லாம் தெரியுமே, என் முதுகுவலிய எந்தக் காக்கைகிட்ட சொல்லணும்?"

மக்களே, விருந்தாளிக்கு ஆட்டுத் தலையைக் கொடுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. உங்கள் தலையையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அது யோசிப்பதற்கு வேண்டும்.