மீன் பெட்டியில் வெட்டிய எழுத்துகள்

கல்முனைக்குடியில் பூனைகள் ஸலாம் சொல்கிற ஒரே மனிசர் எங்கள் ஐஸ்காரர்தான். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், குறைத்துத்தான் சொல்கிறேன். கடற்கரை மீன் வாடியில் வேலை முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பும்போது சந்தியிலேயே இரண்டு பூனைகள் காத்துக்கொண்டிருக்கும். வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அது ஓர் ஊர்வலமாகிவிடும். தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் லொறி லொறியாக ஆள் பிடித்துச் சேர்க்கிற கூட்டத்தை, இவர் ஒரு மீன்கவிச்சி பிடித்த சாரனை உடுத்திக்கொண்டே சேர்த்துவிடுவார்.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கலியாணத்தில் காவின் எழுதிய அன்று அதை ஒருமுறை சத்தமாக வாசித்தார்கள், நானும் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வாடியில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர், ஐஸ் லொறியிலேயே போய் வருகிறவர், ஆகவே ஐஸ்காரர். எனக்குச் சகலன். என் மனைவியின் தங்கை பரீனாவின் புருசன். மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா என்று கூப்பிடுவார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே என் சொல் ஒன்றையும் கேட்கமாட்டார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. எங்கள் மாமியின் வளவில் இரண்டு பெண்களுக்கும் இரண்டு வீடு, நடுவில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தகர வேலி. மாமி இளைய மகளோடு இருந்தார். மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அது கோபமல்ல, மரியாதை. மாமி எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவிடம் சொல்வார். ஐஸ்காரருக்குச் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வார். உப்பு முடிந்துபோனால்கூட அந்தக் கோழிதான் முதலில் அறியும்.

இனி ஸைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐஸ்காரரின் ஒரே மகள். நாலு வயது கடந்துவிட்டது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சிரிப்பாள், ஓடுவாள், சொன்னதெல்லாம் விளங்கும். காதில் குறையென்று சொல்லவே முடியாது, என் வீட்டு அறைக்குள் பிஸ்கட் பக்கெட்டை நான் களவாகப் பிரித்தாலும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். டொக்டரும் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது, பிள்ளையோடு நிறையக் கதையுங்கள், பொறுமையாக இருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஊர் பொறுமையாக இருக்குமா? வந்தவர் போனவரெல்லாம் ஒரு மருந்து சொன்னார்கள். பாலர் பாடசாலை டீச்சர், பிள்ளை கொஞ்சம் கதைக்கத் தொடங்கியதும் கூட்டி வாருங்களேன் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பரீனாவின் கண் காயவே இல்லை.

இந்த நேரத்தில்தான் ஐஸ்காரர் போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்காமல் அதன் சத்தத்தைச் சொல்லிக் கொடுத்து, சத்தங்களைக் கோத்து வாசிக்கப் பழக்குகிற முறையாம். மனிசர் துள்ளிக் குதித்தார். நாமெல்லாம் அ-வை ஆனா என்றும் ம-வை மானா என்றும் அல்லவா படித்தோம்? அன்றைக்கே வளவுக்குள் ஆனாவும் மானாவும் தடை செய்யப்பட்டன. என் மகன் ஒருநாள் வாய் தவறிக் 'கானா' என்றதற்கு, அவனை வேலியோரம் நிறுத்தி வைத்துக் 'க, க, க' என்று சொல்லவைத்தார். அவன் ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்திருக்கிறவன்.

கதைக்காத பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கப் போகிறாராம். நான் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, தம்பி, முதலில் பிள்ளை கதைக்கட்டும், பிறகு வாசிக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறதல்லவா என்று புத்தி சொன்னேன். ஓம் காக்கா, ஓம் காக்கா என்று பணிவாகக் கேட்டுவிட்டு, எழுத்து வெட்டப் போய்விட்டார்.

அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது. வேறு யாராவது என்றால் மட்டையில் வெட்டுவார்கள். இவர் வாடியில் உடைந்து கிடந்த, தக்கை போல லேசான ரெஜிபோம் மீன் பெட்டிகளைக் கொண்டுவந்து, மீன் கத்தியாலேயே எழுத்து எழுத்தாக வெட்டினார். வெள்ளை வெளேரென்று, கை அகலத்துக்கு, நல்ல வடிவான எழுத்துகள். ஆனால் அந்தப் பெட்டிகள் சூரையும் பாரையும் ஊறிக் கிடந்த பெட்டிகள். ரெஜிபோம் ஒவ்வொரு துளைக்குள்ளும் மீன் தண்ணியைக் குடித்து வைத்திருந்தது. வாடிக்காரருக்கு அந்த மணம் மணமாகவே தெரியாது, பூனைக்குத் தெரியும்.

பாடம் தொடங்கிய அன்றே ஒரு கடுவன் பூனை 'ழ'வைக் கவ்விக்கொண்டு கூரை ஏறிவிட்டது. அடுத்த நாள் 'ண' போனது. தெருக்கோடி வீட்டுப் பெண் அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து, இது உங்கள் வீட்டு எழுத்தா என்று மூக்கைப் பொத்தியபடி கேட்டார். ஐஸ்காரர் மனம் தளரவில்லை, மறுபடி வெட்டினார். பூனைகளும் தளரவில்லை.

பிள்ளைக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் தொழிலிலிருந்தே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். 'ஸ்' என்றால் லொறி டயரில் காற்று இறங்குவது. 'ட்' என்றால் சுத்தியல் ஐஸில் விழுவது. 'ம்' என்றால் மாமி ஆக்கிய கறியை வாயில் வைத்ததும் வருவது. இந்த உதாரணத்தைக் கோழிக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொல்வார். ஒருநாள் 'ஆ' என்று பெரிதாகக் கேட்டது. அது பாடமல்ல, காலில் ஐஸ் கட்டி விழுந்திருந்தது.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாவடிப்பள்ளியில் ஒரு கலியாணம். எங்கள் கலியாணங்களில் சாப்பாடு சஹனில்தான், ஒரு பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைவைப்பது. எங்கள் தட்டத்தில் மாப்பிள்ளையின் மாமாவும் இருந்தார், பெரிய வயல்காரர், நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காதவர். ஐஸ்காரர் அவருக்குச் சத்தங்களைப் பற்றி விளக்கத் தொடங்கி, திடீரென்று அவருடைய கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்றார். மாமாவோ, மனிசருக்கு எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். யாரோ தண்ணீரோடு ஓடிவந்தார்கள், யாரோ வாழைப்பழத்தை உரித்து வாய்க்குள் திணித்தார்கள். நான் அந்த மனிசரை அறியாதவன் போலச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு கூத்துக்கும் ஸைனி வாய் திறந்தாளா? இல்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பா பாயில் உட்காருவார், பிள்ளை மடியில் ஏறி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் சின்னக் கையை அவர் தொண்டையில் வைத்துக்கொள்வாள். அவர் 'ம்ம்' என்றால் போய் 'ம்'மைத் தேடி எடுத்து வருவாள், 'ப' என்றால் 'ப'வை எடுத்து வருவாள். பிழைவிடவே மாட்டாள். பார்த்தீங்களா காக்கா, பார்த்தீங்களா என்று ஐஸ்காரர் வேலிப் பக்கம் திரும்பிப் பெருமைப்படுவார். உள்ளிருந்து மாமியின் குரல் கோழியிடம் கேட்கும்:

"நீயும்தான் கூப்பிட்டா ஓடி வாறாய். அதுக்காக நீ படிச்ச கோழியா?"

ஒரு பின்னேரம் பரீனா தாங்கமாட்டாமல் பாயில் கிடந்த எழுத்துகளை இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்தாலும் கேட்டுவிட்டது.

"எனக்குப் புள்ள வாசிக்கத் தேவல்ல. ஒரு நாளைக்கு உம்மா எண்டு கூப்பிட்டாப் போதும்."

ஓயாமல் சத்தம் போடுகிற அந்த மனிசர், சிதறிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாயில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அவக்கு வாய் தொறக்க ஒரு சாட்டு, ஒரு காரணம் வேணும் பரீனா. நான் சாட்டுத்தான் தேடிட்டு இரிக்கன்."

மல்லிகைக்கு அன்றைக்கு அளவுக்கு மேல் தண்ணீர் போய்விட்டது.

மாமிக்கும் பொறுமை முடிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விருந்தாளிகள் வரவிருந்தார்கள். அதற்குள் ஒன்றில் அந்த நாற்றம் போக வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துகள் குப்பைக்குப் போக வேண்டும் என்று கோழிக்கு இறுதி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. ஐஸ்காரர் வெள்ளி காலையிலேயே எல்லா எழுத்தையும் சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கழுவி, முற்றத்தில் பாய் விரித்து, கருவாடு காயப்போடுவது போல வரிசையாகப் பரப்பினார். கருவாட்டுக்குக் காவல் வேண்டுமல்லவா? ஸைனியின் கையில் ஓர் ஈர்க்கிலைக் கொடுத்துப் பாயோரம் உட்கார்த்திவிட்டு, சவரம் செய்யப் போனார். மாமி விருந்துக்கென்று பாரை மீனை வெட்டிக் கழுவிச் சட்டியில் போட்டு, குழாயடியில் வைத்துவிட்டு, கறிக்குக் கூட்டு அரைக்க உள்ளே போனார்.

நான் வேலியோரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது அந்தக் கடுவன்தான். தேசிக்காய் மணம் அதை ஏமாற்றவில்லை. ஸைனி ஈர்க்கிலை ஆட்டினாள், அது கண்டுகொள்ளவே இல்லை. நேரே போய் 'ம்' மேல் வாய் வைத்தது. பிள்ளை எழும்பி நின்றாள். முகம் சிவந்தது.

"ம்ம்ம்!"

பூனை வாயை எடுத்துவிட்டது. என் கையிலிருந்த பேப்பர் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது பூனை மறுபக்கத்தால் வந்து 'ட'வை முகர்ந்தது. "ட! ட!" என்று கால் உதைத்துக்கொண்டு கத்தினாள். எந்த எழுத்தில் பூனை வாய் வைக்கிறதோ அந்த எழுத்தின் சத்தம், பிசகாமல் வந்தது.

பரீனா அகப்பையோடு ஓடிவந்தாள். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஐஸ்காரரும் வந்தார். பூனைகளை விரட்டப் போன பரீனாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆனால் பூனைகளுக்கு இந்தச் சத்தம் பிடிக்கவில்லை. மெல்லப் பின்வாங்கி மதில் பக்கம் திரும்பின. முற்றம் அமைதியாகப் போகிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பிள்ளை வாயை மூடிக்கொண்டாள்.

ஐஸ்காரர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குழாயடிக்குப் போனார். மாமியின் சட்டியிலிருந்து ஒரு துண்டு பாரையை எடுத்து எழுத்துகளின் நடுவில் வீசினார்.

பிறகு என்ன, தெருப் பூனை எல்லாம் எங்கள் வளவில்தான். மதிலால் வந்தன, கூரையால் வந்தன, படலைக்குக் கீழால் வந்தன. ஸைனி பாயைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். "ப! க! வ! ஸ்ஸ்ஸ்!" இத்தனை நாளும் வாப்பாவின் தொண்டையில் கைவைத்துச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கொட்டியது. அவர் ஒரு துண்டு போட்டார், இன்னொரு துண்டு போட்டார். நுரை கரைந்து கழுத்தால் வழிந்தது. அது நுரை மட்டும்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

கடைசியில் பிள்ளைக்கு ஆற்றாமல் போய்விட்டது. எழுத்துச் சத்தம் போதவில்லை. ஈர்க்கிலை எறிந்துவிட்டு ஓடிவந்து தாயின் உடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மா! பூன!"

பரீனா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமி அடுப்படிக் கதவுக்கு வந்தார். விருந்து மீன் முற்றத்தில் கிடக்கிறது, பூனைகள் சாப்பிடுகின்றன, மருமகனின் கை சட்டிக்குள் இருக்கிறது. ஐஸ்காரர் கையை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை, களவில் பிடிபட்டவர் போல நின்றார். கோழி எங்கே என்று நான் தேடினேன், இன்றைக்கு அதற்கு நிறையச் செய்தி இருக்கும் என்று. மாமி கோழியைப் பார்க்கவில்லை. கலியாணம் முடிந்த நாளிலிருந்து முதல் தடவையாக மருமகனின் முகத்தை நேரே பார்த்தார்.

"மருமகன், தலையையும் எடுத்துப் போடுங்க. அவ இன்னும் கதைக்கட்டும்."

பாரை மீனின் தலையை எங்கள் மாமி இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது ஸைனி ஐஸ் லொறியின் முன் சீட்டில் வாப்பாவோடு உட்கார்ந்து, சாய்ந்தமருதிலிருந்து கல்முனை வரைக்கும் உள்ள கடைப் பலகைகளை எல்லாம் சத்தம் கோத்து வாசித்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் அவளுடைய வாயை மூடவைக்க ஏதாவது வீடியோ இருக்கிறதா என்று ஐஸ்காரர் என்னிடம் கேட்கிறார். நான் புத்தி சொல்வதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வந்த விருந்தாளிகள் பருப்புக் கறியும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டிலும் அன்று வெறும் பருப்புத்தான். எங்கள் சட்டியில் கிடந்த மீன் எங்கே என்று என் மனைவி கேட்டாள், பூனை கொண்டுபோய்விட்டது என்றேன். பொய்யில்லை. அந்தப் பக்கம் ஐஸ்காரரின் கையிலிருந்த சட்டி வெறுமையாகிப் பிள்ளையின் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று, வேலிக்கு மேலால் ஒவ்வொரு துண்டாக நான்தான் எறிந்துகொண்டிருந்தேன்.