எல்லப்பன் வீட்டில் எதுவும் இல்லை

"ஃப்ரிட்ஜைப் பாத்தார்னா உனுக்குக் கார்டு கெடைக்காது மச்சான்" என்று கூட்டாளி ராமதாஸ் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எல்லப்பனுக்கு வயிற்றுவலியோடு தலைவலியும் சேர்ந்துகொண்டது.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குக் கூலிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். குடலிறக்கம். "ஏணியில் ஏறினால் உயிருக்கே ஆபத்து" என்றுவிட்டார் செங்கல்பட்டு டாக்டர். திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்குள் காப்பீட்டு அட்டை வேண்டும். அட்டைக்கு வருமானச் சான்று. சான்றுக்கு, புதிதாக வந்திருக்கும் வி.ஏ.ஓ. வீட்டைப் பார்க்க வருவாராம். ரெண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவன், பாவம், என்ன செய்வான்?

ஃப்ரிட்ஜ் எதிர்வீட்டுச் சாராள் வீட்டுக்குப் போனது.

"நீ தூக்காதய்யா, கொடலு வெளிய வந்துரும்!" என்று மனைவி செங்கம்மாள் கத்தினாள். எல்லப்பன் ஐலசா மட்டும் சொன்னான்.

ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

"இங்க இன்னா இருந்திச்சின்னு கேப்பாரே!"

பீரோவை நகர்த்தி மறைத்தார்கள். பீரோ பளபளவென்று நின்றது.

"இது அதவிட பேஜாருய்யா."

பீரோவும் போனது. பின்னாலேயே டிவி, மிக்சி, கட்டில் எல்லாம் போயின. வெளுத்த சதுரம் மட்டும் நாலாகிவிட்டது.

பெயின்டர் ஆயிற்றே! மிச்சமிருந்த பெயின்ட் வாளியை எடுத்து ஒரு சுவருக்கு அடித்தான். அது மற்ற மூன்றையும் காட்டிக்கொடுத்தது. அவற்றுக்கும் அடித்தான். உயரத்துக்கெல்லாம் செங்கம்மாள் ஏணி ஏறினாள்.

"ஏழ வூடு மாரியா கீது? கல்யாண வூடு மாரி கீது!"

"ஒண்ணுமே இல்லாத வூடுன்னு நெனப்பாருடீ."

பெயின்ட் வாடை தாங்காமல் குடும்பமே சாராள் வீட்டில் போய் உட்கார்ந்தது. சட்டி பானையும் அங்கேதானே இருந்தது.

மறுநாள் வி.ஏ.ஓ. வந்தார். எல்லப்பன் எழுந்தான்.

"குந்துய்யா! நீ போயி எதுனா ஒளறிவெப்ப" என்று செங்கம்மாள் அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

சாராள் வீட்டு ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். திறந்திருந்த வீட்டுக்குள் வி.ஏ.ஓ. எட்டிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். போட்டோ எடுத்தார். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

"பாத்தியா, மனசு எளகிட்ச்சு அவருக்கு!" என்றான் எல்லப்பன்.

சனிக்கிழமை இ-சேவை மையத்தில் பிரதீபா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"தள்ளுபடி அண்ணாத்த."

எல்லப்பன் திரைப்பக்கம் எட்டிப் பார்த்தான். "ஃப்ரிட்ஜு தெரிஞ்சிட்ச்சா?"

"ஃப்ரிட்ஜா? அந்த வூட்ல யாருமே குடியில்லன்னு எழுதிக்கீறாரு. புதுசா பெயின்ட் அடிச்சி ஜோரா கீதாமே, வாடகைக்கு வுடுவாங்களான்னு விசாரிக்கச் சொல்லிட்டுப் போயிக்கீறாரு!"