பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ்

காலை ஐந்தே முக்கால் மணிக்கு, வெள்ளிமலை லாட்ஜ் அறையில், பிரவீன்குமாரின் தலை பனியனுக்குள் நுழைய மறுத்தது.

பந்தய எண் அச்சடித்த தாளைக் குத்த ஊக்கு கிடைக்கவில்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, பையில் ஸ்டேப்ளர் இருந்தது. எட்டு பின் அடித்தார். முன்பக்கத்தையும் முதுகுப்பக்கத்தையும் சேர்த்து அடித்துவிட்டது, போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"இன்னாங்க இது, தலகாணி உறையா?" என்றாள் மனைவி தேவிப்ரியா.

"சிரிக்காத. ஆறு மணிக்கு ஓட்டம். ஒரு நிமிஷம் லேட்டானாலும் சேத்துக்க மாட்டோம்னு அமைப்பாளர் நாராயணசாமி மூணு வாட்டி போன் பண்ணிச் சொல்லிக்கிறாரு."

மூன்று மாதமாகக் கள்ளக்குறிச்சி புறவழிச்சாலையில் ஓடிப் பழகியவர் அவர். வெள்ளிமலையில் பத்து கிலோமீட்டர் மலை ஓட்டம் என்றதும் ஆபீசே சிரித்தது. "நீ எங்கய்யா ஓடி வரப்போற, ஆம்புலன்ஸ்லதான் வருவ" என்று சூப்பிரண்டு அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். அது நெஞ்சில் தைத்துக் கிடந்தது. பதக்கம்கூட வேண்டாம், சொந்தக் காலால் ஓடி முடித்தால் போதும்.

பின்னைப் பிடுங்கியதில் பனியன் கிழிந்தது. கிழிசலை மறைக்கத் தாளை நகர்த்தி அடித்த அவசரத்தில், தெம்புக்கென்று வைத்திருந்த பீட்ரூட் ஜூஸ் முழங்கை பட்டு மார்பில் கொட்டியது. தேவிப்ரியா தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். உள்ளங்கை அகலக் கறை மார்பு முழுக்கப் பரவியது.

"வேற சட்ட போட்டுக்குங்க!"

"நம்பர் இதுலதான அடிச்சிக்கிது! டயமில்ல!"

பள்ளிக்கூட மைதானத்தை அடைந்தபோது ஆறு இருபது. தோரணவாயில் இருந்தது, பேனர் இருந்தது, ஈ காக்காய் இல்லை. எங்கிருந்தோ நெய் வாசனை மட்டும் வந்தது.

"அய்யோ, போயிட்டாங்களே!"

சாலையில் சுண்ணாம்பால் போட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்து ஓடினார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பின்னால் ஒரு வண்டி உறுமியது. திரும்பியவருக்கு உயிரே போய்விட்டது. ஆம்புலன்ஸ்!

ஓட்டுநர் ராமன் தலையை வெளியே நீட்டினார். "சார், நெஞ்செல்லாம் ரத்தம்! ஏறிக்குங்க!"

"பீட்ரூட்டுய்யா! நீ இன்னாத்துக்கு என் பின்னாடியே வர்ற?"

"கடேசியா ஓடுறவரு பின்னாடியே போன்னு சொல்லிக்கிறாங்க. நான் இன்னா சார் பண்றது?"

கடைசி! அவமானத்தில் காது சுட்டது. வேகமாக ஓடினார், ஆம்புலன்சும் வேகமெடுத்தது. நடந்தார், அதுவும் ஊர்ந்தது. சாலையோரப் புதரில் இறங்கி ஒளிந்தார். ஆளைக் காணாத ராமன் பதறிப்போய் சைரனைப் போட்டுவிட்டார்.

சாமைக் கொல்லையில் களையெடுத்த பெண்கள் ஓடி வந்தார்கள். புதரிலிருந்து எழுந்தவரின் மார்பைப் பார்த்து வெள்ளச்சி என்பவள் அலறினாள். "அய்யய்யோ, யாரு சாமி உன்ன வெட்டுனது?"

"யாரும் வெட்டல தாயி! வழிய வுடு!"

அவர்களும் நம்பாமல் ஒரு கிலோமீட்டர் கூடவே வந்தார்கள். பாதி வழியில் தண்ணீர் மேசை காலியாகக் கிடந்தது. எல்லோரும் குடித்துவிட்டுப் போய், கடையையும் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது! நாக்கு உலர்ந்து, கண் இருண்டது.

"ஏறிக்குங்க சார், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் ராமன்.

"செத்தாலும் ஏற மாட்டேன்!"

மலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே தோரணவாயில் தெரிந்தபோது மணி எட்டு. இருநூறு பேர் கூடி நின்று கைதட்டினார்கள். கடைசி ஆளுக்கும் கைதட்டுகிற நல்ல மனசு! பிரவீன்குமாருக்கு அழுகை வந்தது. ஒருவர் மேலும் ஒரு துளி வேர்வை இல்லை. ஓடி முடித்துக் குளித்து உடையும் மாற்றிவிட்டார்களா, பாவிகள்!

வாயிலைத் தாண்டி முழங்காலில் விழுந்தார். "முடிச்சிட்டேன்! வண்டியில ஏறல!"

நாராயணசாமி பொன்னாடையோடு ஓடி வந்தார். பிரவீன்குமார் கண்ணை மூடித் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"இது சீஃப் கெஸ்ட்டுக்குங்க, அவரு காரு இப்பதான் மலையேறி வந்துச்சு. ஹால்ல எல்லாரும் பொங்கல் சாப்டு முடிச்சிட்டாங்க, கொடி அசைக்கப் போறோம். எழுந்து போயி லைன்ல நில்லுங்க சார்."