குங்குமம் வைத்த மாஸ்க்

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தும் நாற்பத்திரண்டு வயது வரை நான் கடலுக்குள் தலையை விட்டதில்லை. கால் நனைப்பேன், மீன் வாங்குவேன், அவ்வளவுதான். அந்த நான்தான் போன வருஷம் டைவிங் போனேன்.

காரணம் அம்மா. கோணேசர் கோயில் மலைக்குக் கீழே, கடலடியில், பழைய கோயிலின் தூண் ஒன்று கிடப்பதாக ஊரில் கதை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். "நீ நீச்சல் குளத்தில பழகினனீதானே? எனக்காக ஒருக்கால் பார்த்திட்டு வந்து சொல்லன்," என்றா. தனக்கென்று எதுவும் கேட்காத மனுஷி. ஏலாது என்று எப்படிச் சொல்வது?

கடலுக்குள் கூட்டிப்போகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த நஸீர் நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவது.) "புது மாஸ்க், டீச்சர். கண்ணாடிக்கு உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒண்டு இருக்கும். விட்டா தண்ணிக்குள்ள புகை பிடிச்சிரும். வெள்ளைப் பற்பசை போட்டு விரலால நல்லாத் தேயுங்க," என்றார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு தரம் தேய்த்துக் கழுவினேன். கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டிய அளவுக்குச் சுத்தம்.

அதைக் கண்டதும் அம்மா சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தா. எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் புதுச் சாமான் எதுவும் பாவனைக்கு வராது. (மிக்ஸி ஒரு வாரம் குங்குமத்தோடுதான் அரைத்தது.) இரண்டு கண்ணாடிக்கும் உள்பக்கமாக ஒவ்வொரு பொட்டு.

"ஏனம்மா உள்ளுக்கு?"

"வெளியில வைச்சால் கடல் கழுவிப்போடுமெல்லோ!"

மாஸ்க்கைப் பொட்டோடு அப்படியே பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வள்ளத்தில் வைத்து நானா, "இப்ப உள்ளுக்குத் துப்பித் தேய்ச்சு, கடல் தண்ணியில அலசுங்க," என்றார். பொட்டு வைத்த இடத்தில் துப்புவதா? சிவசிவா! மறுபக்கம் திரும்பி, துப்புவதுபோல் ஒரு நடிப்பு நடித்தேன். பார்வைக்கு வேண்டிய இடத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு, விளிம்பில் இருந்ததை மரியாதையாக விட்டுவைத்தேன். என் மூளையைப் பாருங்கள்!

இறங்கினோம். மூன்று ஆள் ஆழம் இருக்கும். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. குங்குமம் கரைந்தது. உலகமே சிவந்தது. கண் எரிந்த எரிவைச் சொல்லி மாளாது. நானா திரும்பிப் பார்த்தார். என் கண்ணுக்குக் கீழே சிவப்பாய்த் தளும்புகிறது. மனிசன் ரத்தம் என்றே முடிவெடுத்துவிட்டார். 'இல்லை, இது பொட்டு' என்று விளக்க நான் நெற்றியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். தலையிலும் அடி என்று நினைத்து, என் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார்.

"எங்க காயம்? மூக்கா, கண்ணா?" அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"குங்குமம், நானா."

"என்னது?"

"அம்மா வைச்சவ."

 நானா வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், வள்ளம் ஓட்டி வந்தவரும் சேர்ந்துகொண்டார்! எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். தூணைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

"அழாதீங்க டீச்சர், சிலிண்டர்ல காத்து இன்னும் கிடக்கு," என்று நானாவே மாஸ்க்கைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவி நீட்டினார். "இந்த முறை துப்பத்தான் வேணும்."

மனதுக்குள் கோணேசரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துப்பினேன்.

பிறகு பார்த்தேன். பாறைகளுக்கு நடுவே தூண் சரிந்து கிடந்தது. சதுரமாய், மனிதக் கை செதுக்கிய கல். சின்ன மஞ்சள் மீன்கள் தங்கள் வீட்டு முற்றம்போல அதைச் சுற்றிப் போய் வந்தன. மேலேயிருந்து வெளிச்சம் இறங்கி அதன்மேல் அசைந்தது. என் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கை தானாகக் குவிந்தது. இத்தனை வருஷமும் இதற்கு மேலே நின்று விடுப்பும் வேடிக்கையும் பார்த்திருக்கிறேனே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமா சந்தோஷமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். (துப்பியதைத் தவிர.) அம்மா, சிவந்து வீங்கியிருந்த என் கண்களைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டா. "இந்தக் கண்ணெல்லோ பார்த்தது," என்றா.

பக்கத்தில் நின்ற என் கணவர் அப்போது வாயே திறக்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்தேன். இப்போது நான் குசினியில் எதையாவது தேடினால் போதும், முன்வீட்டுக்கும் கேட்கும்படி குரல் வரும்: "இஞ்சேரும், கோணேசற்ற தூணைப் பார்த்த கண்ணுக்கு உப்புப் போத்தல் தெரியேல்லையோ?"