வியாழக்கிழமை வாத்து

அக்டோபர் மாதத்தின் முதல் புதன்கிழமை, முதல் தேநீருக்கும் இரண்டாவது தேநீருக்கும் நடுவில், ஃபிக்ரி ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தார். தன் கண் போய்க்கொண்டிருக்கும் விஷயம் வீட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. வீட்டில் இருந்ததே அந்த ஒருவர்தான். அவர் மனைவி சஃபினாஸ்.

ஃபிக்ரி முப்பத்து நாலு வருஷம் அலெக்ஸாண்ட்ரியாவில் டிராம் ஓட்டியவர். தண்டவாளத்தில் கிடக்கும் ஆரஞ்சுத் தோலைத் தெருமுனையிலிருந்தே பார்த்துவிடும் கண். முந்தின நாள் டாக்டர் அந்தக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நடுப்பார்வை போய்விடும், ஓரப்பார்வை நிற்கும், உங்களுக்கு வந்திருக்கிற வகைக்கு மருந்து இல்லை" என்றார். நடுதானே போகிறது, மிச்சம் இருக்கிறதே என்று பஸ்ஸில் உட்கார்ந்து தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். பார்க்க வேண்டியதை எல்லாம் ஆண்டவன் நடுவில்தான் வைத்திருக்கிறான் என்பது வீட்டுக் கதவு திறந்தபோதுதான் உறைத்தது. எதிரே முக்காடு இருந்தது. இரண்டு காதுத் தோடு இருந்தது. நடுவில் சஃபினாஸ் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு புகைதான் இருந்தது.

"என்ன உஸ்தா, புதுசா பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"தோடு புதுசா?"

"இருபது வருஷமா இதே தோடுதான். பரவால்ல, இன்னைக்காவது கண்ணுல பட்டுச்சே."

டிராம் ஓட்டுகிறவர்களை ஊரே 'உஸ்தா' என்றுதான் கூப்பிடும். அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அவள் முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலவே அவரும் அவளை 'அப்லா' என்பார். அந்த வீட்டில் ஒருவர் பிரேக் போடுவார், இன்னொருவர் பிரம்பைக் காட்டுவார். நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

மறைக்கக் காரணம் இருந்தது. அவளுக்குத் தெரிந்தால் குவைத்திலிருக்கும் மகள் மிர்வத்துக்குத் தெரியும். மகளுக்குத் தெரிந்தால் விமான டிக்கெட் வரும். டிக்கெட் வந்தால் கடல் போய்விடும், காப்பிக்கடை போய்விடும். இதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்று இருந்தது. 'உன் முகம் எனக்குத் தெரியவில்லை' என்று ஒரு பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

சிக்கல் என்னவென்றால், ஃபிக்ரி சும்மா இருந்தால் சந்தேகம் வரும். அவர் சும்மா இருக்கும் நேரமெல்லாம் படக்கதை படிக்கிறவர். சின்ன வயதில் வாரா வாரம் வந்த 'கபூரியா' என்ற பத்திரிகை. துறைமுகக் காவலாளி ஷலபி, அவனோடு ரோந்து போகும் ஒரு வாத்து, அவர்கள் பிடிக்கும் கடத்தல்காரர்கள். ஆறு வருஷ இதழ்கள், ஆறு அட்டைப்பெட்டியில். அட்டை மட்டும் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு இதழும் தனித்தனியாக, கருவாடு மாதிரி மெலிந்து, தொட்டால் உதிரும்.

சஃபினாஸுக்கும் ஷலபியைப் பிடிக்கும். பெட்டியைத்தான் பிடிக்காது.

"பூச்சி அரிக்குது. பைண்டு பண்ணி ஆறு புத்தகமா வெச்சா அலமாரியில அழகா நிக்கும்."

"பைண்டு பண்றதா? ஷலபியை ஜெயில்ல போடறதும் அதுவும் ஒண்ணு. தனித்தனியாத்தான் இருக்கணும். ஒண்ணை எடுத்தா ஒண்ணு. அதான் ருசி."

"அப்ப டேப்ல படிங்க. உங்க பொண்ணு அனுப்பியிருக்கா. யாரோ புண்ணியவானுங்க பழைய இதழையெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கானுங்க. பூச்சியும் இல்ல, தும்மலும் இல்ல."

"கண்ணாடியைத் தடவித் தடவிப் படிக்கறதுக்குப் பேர் படிப்பா? அது மசாஜ்."

ஆகவே டேப் அவளுடையது, பெட்டிகள் அவருடையவை என்று வீடு இரண்டு நாடாகப் பிரிந்திருந்தது.

ஃபிக்ரியின் திட்டம் எளிமையானது. வாரம் தவறாமல், வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், ஒரு இதழை எடுத்து மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது. படிக்கிறவன் கண்ணை யார் சந்தேகிப்பார்கள்? அறுபது வருஷமாகப் படித்தது எல்லாம் மனப்பாடம். எந்தப் பக்கத்தில் ஷலபி வழுக்கி விழுவான், எந்தப் பக்கத்தில் வாத்து அவன் தொப்பியில் உட்காரும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது.

முதல் வியாழன். மேல் பெட்டியிலிருந்து ஒரு இதழை உருவினார். ஓரப்பார்வையில் சிவப்பு அட்டை தெரிந்தது. அந்தப் பெட்டியில் சிவப்பென்றால் வெங்காய மூட்டைக் கடத்தல். திறந்தார். கட்டம் கட்டமாக இருப்பது மங்கலாகத் தெரிந்தது. போதும்.

"கேளு அப்லா. ஷலபி மூட்டையைத் தட்டறான். மூட்டை தும்முது. 'வெங்காயம் தும்முமா?'ன்னு கேக்கறான். அதுக்கு வாத்து…"

வாத்து சொன்னதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மேஜையில் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சஃபினாஸ் சிரிக்கவில்லை. பிறகு, "பாத்திரம் கிடக்கு" என்று எழுந்து போனாள். சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. ரசனை இல்லாத ஜன்மம் என்று ஃபிக்ரி நினைத்தார்.

ஆனால் அடுத்த வியாழன் அவளே வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த வியாழன் பூசணி விதை வறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கேள்வி வேறு கேட்டாள்.

"அந்தக் கடத்தல்காரன் மீசை எப்படி இருக்கு?"

"மேல்நோக்கி."

"போன வாரம் மீசையே இல்லைன்னீங்க?"

"வளர்ந்துடுச்சு. ஒரு வாரம் ஆச்சில்ல?"

நவம்பரில் ஆபத்து வந்தது. பச்சை அட்டை இதழின் நடுப்பகுதி ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது. வேறு வழியில்லை. மனைவி காய்கறி வாங்கப் போன நேரத்தில் எதிரி நாட்டு டேப்பைத் திருடிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். இரண்டு விரலால் பிரித்தார். படம் பெருத்தது. இன்னும் பிரித்தார். திரை முழுக்க ஷலபியின் மூக்கு மட்டும் நின்றது. நேராகப் பார்த்தால் அதுவும் புகைதான். தலையைத் திருப்பி, ஒரு பக்கமாகப் பார்த்தால்தான் ஒரு பக்கம் தெரிந்தது. மூக்கு, பிறகு காது, பிறகு வாத்தின் ஒரு கண். ஒரே ஒரு கட்டத்தைப் படிக்க அரைமணி நேரம். கழிவறை மூடிமேல் உட்கார்ந்து, கழுத்தைக் கோணிக்கொண்டு, அந்த வாத்தின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. சத்தம் வராமலிருக்க வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

மாலையில் சஃபினாஸ் கேட்டாள்.

"டேப்ல சார்ஜ் யாரு தின்னுது? காலைல நூறு இருந்துச்சு."

"எலி."

"எலி குளியலறைக்குக் கொண்டுபோய்த் தின்னுதோ? ஈரமா இருக்கு."

"இந்தக் காலத்து எலி சுத்தமானது அப்லா."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தப்பித்தோம் என்று ஃபிக்ரி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து டேப் எப்போதும் முழுச் சார்ஜில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதையும் அவர் தன் அதிர்ஷ்டம் என்றே எண்ணினார்.

குளிர்காலப் புயல் வந்தது. ஜன்னல்கள் நடுங்கின. கடல் சாலையைத் தாண்டித் தெறித்தது. ஃபிக்ரியின் கண்ணிலிருந்த புகை மெல்ல அகலமானது. முதலில் தோடு போயிற்று. பிறகு முக்காட்டின் ஓரம். தேநீரைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினார். "மேஜைக்கும் தாகமா இருக்கும்" என்று சஃபினாஸ் துடைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்திருந்தார். சமையலறையில் சஃபினாஸ் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்துக்கு இன்றே தயாராகிவிடலாம் என்று பெட்டியிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்தார். அந்தப் பெட்டியில் நீலத்தில் மூன்று இதழ் உண்டு. இது எது? டேப்பின் கேமராவை அதன் மேல் பிடித்தால் காகித எழுத்தும் பெரிதாகும் என்று காப்பிக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். குளியலறைக்குப் போனார். பிடித்தார். பிரித்தார். கழுத்தைக் கோணினார்.

ஷலபி இல்லை. வாத்து இல்லை.

'ஸமாஹ் — வந்தாள். ரபாப் — வரவில்லை, காய்ச்சல். துஹா — வந்தாள், சிலேட்டு இல்லை.'

பக்கத்தைத் திருப்பினார். கட்டம் கட்டமாக வருகை. கட்டம் கட்டமாக மதிப்பெண். ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு. சஃபினாஸின் கையெழுத்து.

ஓடிப்போய் இன்னொன்றை எடுத்தார். சிவப்பு அட்டை. உள்ளே நாலாம் வகுப்பு. பச்சை அட்டை. உள்ளே அரைப் பரீட்சை. அடுத்த பெட்டியைத் தூக்கினார். பழைய செய்தித்தாள்.

சமையலறை வாசலில் போய் நின்றார். கையில் நீல அட்டை.

"அப்லா. நாலு மாசமா நான் உனக்கு என்ன படிச்சுக் காட்டினேன்?"

மீன் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பு அணைகிற சத்தம் வந்தது.

"என்னோட வருகைப் பதிவேடு" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியும்."

"முதல் வியாழக்கிழமையே தெரியும்." குரல் மெதுவாக வந்தது. "உங்க எழுபதாவது பிறந்தநாளுக்குன்னு இதழையெல்லாம் பைண்டருக்கு அனுப்பினேன். அட்டையைக் கழட்டிட்டு உள்தாளை மட்டும்தான் தைப்பேன்னான். பெட்டி காலியா இருக்கக் கூடாதேன்னு அட்டைக்குள்ள என் பதிவேட்டைச் சொருகினேன். ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுக் கத்துவீங்க, சண்டை போடலாம், சிரிக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன். நீங்க அதைத் திறந்தீங்க. நாலாம் வகுப்பு மார்க்கைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

ஃபிக்ரி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான். குளியலறையில."

"தண்ணி வரி ஏன் எகிறுதுன்னு இப்பத் தெரியுது."

சிரிக்கலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

அவர் கையிலிருந்த நீல அட்டையை மடியில் வைத்தார். பிறகு சொல்லிவிட்டார். "உன் முகம் தெரியல அப்லா."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் மீன் வாசம்.

"கடைசியா எப்பத் தெரிஞ்சுது?"

"ரமலான் பெருநாள் அன்னைக்கு. வெளிச்சத்துல நின்னுட்டு மாவு சலிச்சுட்டிருந்த."

"அன்னைக்குப் புது முக்காடு கட்டியிருந்தேன்" என்று அவள் யோசித்தாள். "நல்லாத்தான் இருந்திருப்பேன். அதோட நிறுத்திக்கோங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் பெருசா நடக்கல என் முகத்துல."

அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. டிராம் ஓட்டிய கை அங்கேயே வெகுநேரம் நின்றது.

"மிர்வத்துக்குத் தெரியுமா?"

"நவம்பர்லயே சொல்லிட்டேன். டிக்கெட் அனுப்பறேன்னா. உங்கப்பாவை இங்கிருந்து கிளப்பினா செத்துடுவாரு, நீ டேப்புக்கு நல்ல சார்ஜர் அனுப்புன்னு சொன்னேன்."

மீன் ஆறிப்போயிற்று. ஆறிய மீனையே சாப்பிட்டார்கள். அவள் முள் எடுத்துக் கொடுத்தாள். அவர் முதல்முறையாக வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பிட்டதும் அவள் தன் துணி அலமாரியிலிருந்து ஆறு கனமான புத்தகங்களைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். ஃபிக்ரி முதுகுகளைத் தடவினார். துணி அட்டை. குழிவான எழுத்துகள். ஷலபியை ஜெயிலில் போட்டுவிட்டார்கள்தான். ஆனால் நல்ல ஜெயில். ஒரு தாள்கூட உதிரவில்லை.

"ஆறாவதுல ஒரு விஷயம் இருக்கு" என்றாள் சஃபினாஸ். "கடைசி இதழ்."

ஃபிக்ரி நிமிர்ந்தார். கடைசி இதழ் அவரிடம் இருந்ததே இல்லை. அவருக்குப் பதினாலு வயது. ஷலபி கடத்தல்காரனைத் துரத்திக் கடலில் குதிக்கிறான், வாத்து கரையில் நின்று கத்துகிறது, தொடரும். அடுத்த வாரம் போர் வந்தது. பத்திரிகை கடைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஷலபி கரையேறினானா என்று தெரியாமலே அவருக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. ஸ்கேன் பண்ணிய புண்ணியவான்களிடமும் அது இல்லை.

"எங்க பிடிச்ச?"

"போர்ட் சயீத்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. அச்சகத்துல வேலை பார்த்தவரோட மகன். கெஞ்சிக் கெஞ்சி வாங்கினேன். இப்ப நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க."

பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அவள் டீச்சர் குரலில் படிக்க ஆரம்பித்தாள். கடல் கொந்தளிக்கிறது. ஷலபியின் தொப்பி மட்டும் மிதக்கிறது. வாத்து நீரில் இறங்குகிறது. மீனவர்கள் தடுக்கிறார்கள். வாத்து கேட்கவில்லை. இருட்டில் தூரத்தில் ஏதோ ஒன்று அசைகிறது…

ஃபிக்ரி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். புகைக்கு அப்பால், அறுபது வருஷமாகப் பார்த்திராத ஒரு படம் அவருக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது.

படக்கென்று புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது.

"என்ன ஆச்சு? அது யாரு? ஷலபியா?"

"மீதி அடுத்த வியாழக்கிழமை."

"அநியாயம்! புத்தகம் முழுசா உன் கையில இருக்கு!"

"இருக்கு. எட்டுப் பக்கம் பாக்கி. வாரம் ஒரு பக்கம் படிப்பேன். முடிஞ்சதும் முதல் தொகுதியிலேர்ந்து வாரம் ஒரு இதழா ஆரம்பிப்போம். அதுக்கு ஆறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எங்கயும் போற எண்ணம் வேண்டாம்."

"நான் டேப்ல…"

"டேப்ல தேடாதீங்க, அதுல ஏத்தல. குளியலறையிலயும் இல்ல."

ஃபிக்ரிக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எது முதலில் என்று முடிவு செய்வதற்குள் இரண்டும் போய்விட்டன. தோற்றுப்போன குரலில், வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

அன்று வெள்ளிக்கிழமை.