பசுவந்தனைக் கண்மாயில் ஒரு கப்பற்காதல்

வெறும் கதவுதான். ஜேம்ஸ்ராஜ் வீட்டு ஆட்டுக்கொட்டில் கதவேதான், ஐயம் வேண்டாம். அக்கதவேறி அழியாப் புகழ்கொள்ளப் புறப்பட்ட அடலேறு, கைப்பேசித் திரையிலேயே ஏழு கடலும் நீந்திக் கரைகண்ட காளை, மீசை முளைக்குமுன்பே மீசை முறுக்கிய பசுவந்தனைப் பெருவேந்தன் டெல்வின் வாழ்க! சிக்னல் தேவதையே, அவன் சீரழிந்த கதையை நான் சொல்லி முடிக்கும்வரை இரண்டு கோடாவது காட்டி அருள்வாயாக!

மேல்தட்டுச் சீமாட்டியும் அடித்தட்டு ஏழையும் கப்பலில் கள்ளக்கண் கலந்து, வீட்டார் தடைமீறிக் காதலித்து, கப்பல் கவிழ்ந்ததும் அவள் மிதந்த கதவுப்பலகைமேல் கிடக்க அவன் பனிநீரில் விறைத்து மாளும் படமொன்றைக் கண்டு ஊரே மூக்குறிஞ்சியது. டெல்வின் ஒருவனே நகைத்தான்.

"ஏலே, அந்தப் பலகையில ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்லே! சாகணும்னே செத்துருக்கான், கூறுகெட்டவன்!" என்று டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் நடுங்க முழங்கினான். அப்படத்தைக் கேலி செய்து தானே ஒரு படம் எடுப்பதாகவும் சூளுரைத்தான்.

முழக்கம் பிரிஸ்கில்லாவின் செவி சேர்ந்தது. ஜேம்ஸ்ராஜின் மகள் அவள். அவளை நெடுநாள் காதலித்தும், அவள் தந்தையைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடும் தீரன்தான் நம் நாயகன்.

"பேச்சு மட்டும் வண்டி வண்டியா பேசுதீய. எங்க கொட்டில் கதவுல நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஏறிட்டா, அப்பாகிட்ட நம்ம கல்யாணத்தை நானே பேசுதேன். ஏறலைன்னா நீங்கதான் போய்ப் பேசணும், ஆமா" என்று பந்தயம் வைத்தாள்.

அஞ்சா நெஞ்சன் அக்கணமே அஞ்சினான். ஆயினும் ஆட்டுக்கொட்டில் கதவு கழற்றப்பட்டது. நேற்றுப் பெய்த ஒற்றை மழையில் முழங்கால் ஆழம் நீர்கொண்ட கண்மாய் பெருங்கடலாயிற்று. வெள்ளை உரச்சாக்கு போர்த்திய எருக்குவியல் பனிமலையாயிற்று. கரையோரச் சேற்றில் கதவைக் கிடத்தி, அதன்மேல் சேலைத்தலைப்பு சிலிர்க்கப் பிரிஸ்கில்லா சாய்ந்தாள். தோழன் பேச்சிராஜா கைப்பேசி ஏந்தினான்.

படத்து நாயகன் நீரில் கிடந்தான் அன்றோ? ஆதலால் இவனும் கண்மாயில் பாய்ந்தான். கரிசலில் பிறந்து, கரிசலில் விழுந்து, கரிசலில் வளர்ந்தும், நனைந்த கரிசல் மிதித்தவன் காலை விடாது, குதித்தவன் தொடையையும் விடாது என்பதை அந்த ஒரு நொடியில் மறந்தான் மதிவேந்தன். மதயானை படுகுழியில் வீழ்ந்தாற்போல், பசுமரத்தில் ஆணி இறங்கினாற்போல், தொடைவரை இறங்கினான். வலக்கால் இழுத்தால் இடக்கால் புதைந்தது. புதுச்செருப்புகள் பாதாளம் புகுந்தன. கதவோ கையெட்டும் தூரத்துக்கு ஒரு முழம் அப்பால்.

"ஏலே, கயிறு கொண்டாலே! செத்தேன்லே!"

"நடிப்பு பின்னுதலே! அப்படியே அழு!" என்று படமெடுத்தான் பேச்சிராஜா.

"இவிய நடிக்கல அண்ணாச்சி, நெசமாவே மாட்டிக்கிட்டாவ!" என்று பிரிஸ்கில்லா கத்தியபோது கரையில் ஓர் உருவம் எழுந்தது. கதவில்லாக் கொட்டிலிலிருந்து சிதறிய ஆடுகளைத் தேடி, கையில் கம்பும் கண்ணில் கனலுமாய் வந்த ஜேம்ஸ்ராஜ்! எவரிடம் பேச அஞ்சி இப்போரில் இறங்கினானோ, அவரே எதிரில். ஓடவும் வழியில்லை, கால்கள் கண்மாய் வசம்.

அவர் கம்பைக் கீழே போட்டார். கரையில் கிடந்த பருத்திமார்க் கட்டொன்றை அவிழ்த்து, காய்ந்த செடிக்குச்சிகளைச் சேற்றில் பரப்பினார். "ஏட்டி, இறங்கு" என்று மகளைக் கரையேற்றினார். கதவைச் சறுக்கவிட்டு அவனருகே தள்ளி அதன்மேல் மண்டியிட்டு, டெல்வினின் இரு அக்குளிலும் கைகொடுத்து, மரவள்ளிக்கிழங்கு பிடுங்குவதுபோல் ஒரே இழுப்பாய் இழுத்துத் தம்மருகே போட்டார். கதவு அசையவில்லை. மாமனாகப் போகிறவரும் மருமகனாகத் துடிப்பவனும் அருகருகே, சேறு சொட்டச் சொட்ட, ஒரே கதவில்!

ஜேம்ஸ்ராஜ் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு இருக்க இம்புட்டு இடம் கிடக்கு. நீ ஏம்லே சேத்துல போய் நின்ன?"

நானிலம் நடுங்க முழங்கியவன் முகத்துச் சேற்றைத் துடைத்தான். பேச்சிராஜாவோ இன்னும் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் டெல்வினே கதவைத் தூக்கிப்போய்க் கொட்டிலில் மாட்டினான், ஜேம்ஸ்ராஜ் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். கதவில் ரெண்டு பேர் ஏறியது என்னவோ உண்மைதான், ஆனால் பந்தயப்படி இப்போ அவரிடம் போய்க் கல்யாணம் பேச வேண்டியது பிரிஸ்கில்லாவா, டெல்வினா, நீங்க என்ன நினைக்கிறீங்க?