குலுக்கல் அண்ணனும் என் மகளின் கம்ப்யூட்டரும்

மூடிய பெட்டி எதையும் நம்பாத மனிதர் சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் கொலு பொம்மையும் குத்துவிளக்கும் விற்கும் குலுக்கல் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

எந்தப் பெட்டி கையில் வந்தாலும் காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவார். உள்ளே சத்தம் வந்தால் பிரி. மறுபடி கட்டு. மறுபடி குலுக்கு. பொம்மை வியாபாரத்தில் இதற்கு நியாயம் உண்டு. உள்ளே ஆடுகிற பொம்மைதான் உடையும். ஆனால் அண்ணன் கடையோடு நிறுத்துகிற ஆள் இல்லை. ஒரு கல்யாணத்தில் மேடைக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவரின் பரிசை வாங்கிக் குலுக்கி, "ஒடஞ்சிருச்சு, வேற வாங்கிட்டு வாங்க" என்று வரிசையை விட்டே அனுப்பியவர். சாப்பாட்டுக் கடையில் பார்சல் சாம்பாரைக் காதருகே ஆட்டி, "கட்டு லூஸு" என்பார். சட்டையெல்லாம் ஒழுகிய பிறகு, "சொன்னேன்ல?" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்க வேண்டும். கொடுத்தேன்.

என் மகள் கயல் மெல்பர்னில் அனிமேஷன் படிக்கிறாள். கடைசி வருடத்துக்கு ஒரு படம் செய்து கொடுக்க வேண்டும். எடுத்துப்போன லேப்டாப் பாதிப் படத்திலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அவளே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெரிய கம்ப்யூட்டர், பொங்கோலில் எங்கள் வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, அது வந்தாதான் படம் முடியும். ஒடஞ்சா இந்த வருஷமே போச்சு. பத்திரமா அனுப்பிருவீங்கல்ல?"

"இதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்றேன். போனை வைத்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்க ஓடினேன்.

அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அது வந்த அட்டைப்பெட்டியோ என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டது. பெட்டி கட்டுவதில் எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர் ஒரே ஒருவர். வேறு வழியில்லாமல் அதைப் போர்வையில் சுற்றி, தள்ளுவண்டியில் கட்டி, அண்ணன் கடை இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் புறப்பட்டேன். ரயிலில் ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். எனக்கா, கம்ப்யூட்டருக்கா என்று இன்னும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை உட்கார வைத்துவிட்டு நான் நின்றேன்.

"என்ன தம்பி, மீன் தொட்டியா?" என்றார் அண்ணன்.

"கம்ப்யூட்டர்ண்ணே. கயலோடது. மெல்பர்னுக்குப் போகணும். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், குலுக்கிராதீங்க."

"கட்டாத சாமானை நான் ஏன் குலுக்கப் போறேன்? பயப்படாதே லா." வழக்கமான சிங்கப்பூர் 'லா'வோடு சொல்லிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல தலை எது?"

"தலையா?"

"தலையாட்டி பொம்மை பாத்ததில்ல? தொங்குற தலைதான் மொதல்ல போகும். கழட்டித் தனியாக் கட்டணும். இதுல எது கனமாத் தொங்குது?"

கிராஃபிக்ஸ் கார்டு என்று செங்கல் கனத்தில் ஒன்று உள்ளே தொங்குகிறது. அதைக் கழற்றித் தனியாக அனுப்பச் சொல்லிக் கயலும் செய்தி அனுப்பியிருந்தாள். ஸ்க்ரூ டிரைவரும் வீடியோவுமாக உட்கார்ந்தேன். அதைக் கழற்றி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்ததைப் பார்த்து அண்ணன் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். "பிரசவம் பாக்குறியா, தம்பி?"

பிறகு அவர் கட்டினார். அதை மட்டும் குறை சொல்ல முடியாது. கார்டுக்குத் தனியே ஒரு குட்டிப் பெட்டி. பிறகு, சின்னப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர், பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, இடைவெளியெல்லாம் வைக்கோல். டேப்பை இழுத்து ஒட்டினார். இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டித் தூக்கினார். காதை வைத்தார்.

"அண்ணே, வேணாம்!"

குலுக்கினார். உள்ளே சலசல என்று சத்தம்.

பிரித்தோம். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள், மின்விசிறிக்குப் பின்னால், கார்டைக் கழற்றிய அவசரத்தில் என் கண்ணில் படாத ஒரு பிளாஸ்டிக் பையில் சுண்டைக்காய் வத்தல். நம் வீட்டுப் பெண்களுக்கு வெளிநாடு போகிற எதிலும் காலி இடத்தைப் பார்த்தால் பொறுக்காது. மனைவிக்குப் போன் செய்தேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள வத்தலை வச்சியா?"

"உள்ள இவ்வளவு எடம் சும்மா கெடந்துச்சு. பிள்ளைக்குப் பிடிக்குமே" என்றாள், குற்றவாளி நான்தான் என்ற தொனியில்.

வத்தலை அந்த நாட்டில் அனுமதிப்பார்களா என்ற பயத்தில், கொரியர் நிறுவனத்தின் விதிமுறைகளை அப்போதுதான் போனில் படித்தேன். வத்தலாவது பரவாயில்லை. வைக்கோல் ஒரு துரும்புகூட ஆஸ்திரேலியாவுக்குள் நுழையக் கூடாதாம்.

"எத்தனை சாமி வைக்கோல்ல வந்திருக்கு தெரியுமா?" என்று அண்ணன் கொதித்தார்.

"சாமி இங்க வந்துச்சுண்ணே. இது அங்க போகுது."

வத்தலை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு துரும்பாகப் பொறுக்கினோம். துணியால் துடைத்தோம். பெட்டிகளையே மாற்றி, இந்த முறை குமிழ் வைத்த பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும் திணித்துக் கட்டி முடித்தபோது கொரியர்காரர் வந்துவிட்டார். வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் வேனை நிறுத்திவிட்டு வந்த மனிதர்.

அண்ணன் பெட்டியைத் தூக்கினார். காதை வைத்தார். கடகட.

பிரித்தோம். ஒன்றுமில்லை. கட்டினோம். குலுக்கினார். கடகட.

"அங்கிள், வேனுக்கு ஃபைன் போட்டு சம்மன் வச்சிருவாங்க அங்கிள்" என்றார் கொரியர்காரர்.

"இரு லா. பாப்பாவோட படிப்பு உள்ள இருக்கு. ஆடுற சாமானை என் கடையிலேருந்து அனுப்ப மாட்டேன்." டேப்பைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார்.

என் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. கத்தியைப் பிடுங்கி வீசிவிட்டு, அவருடைய இரண்டு தோளையும் பிடித்தேன். "போதும்ண்ணே! இதுக்கு மேல பிரிச்சீங்க, நானே ஒடைச்சுப் போட்டுட்டுப் போயிருவேன்!" என்று கத்தி, அவரை ஒரு உலுக்கு உலுக்கினேன்.

கடகட.

இன்னொரு முறை மெதுவாக உலுக்கிப் பார்த்தேன். கடகட. அவர் சட்டைப் பையில், வைக்கோல் பொறுக்கும்போது எடுத்துப் போட்டுக்கொண்ட மிண்ட் மிட்டாய் டப்பா.

கொரியர்காரர் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தார். அண்ணன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தட்டி, "போயிட்டு வா" என்றார். பொம்மை வாங்கிப் போகிறவர்களின் பெட்டியிடமும் அப்படித்தான் சொல்வார். விற்ற பொம்மை திரும்பி வந்தால் யாருக்கு நஷ்டம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்னைப் போனில் படுத்தி எடுத்தார். "பெட்டி எங்க இருக்கு?" பஸ்ஸில் இருந்தால் கேட்பார், மீட்டிங்கில் இருந்தால் கேட்பார். என் பயத்தையே என்னால் சமாளிக்க முடியவில்லை. அவர் பயத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது.

கயல் வீடியோவில் அழைத்தபோது நான் அவர் கடையில்தான் இருந்தேன். பெட்டி வந்துவிட்டது, கார்டைப் பூட்டிவிட்டாள். "பாருங்கப்பா!" பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்குள் நீல விளக்கு எரிந்தது. திரையில் அவள் படத்தின் பாதியில் நின்றுபோன யானை காதை ஆட்டியது. குத்துவிளக்குகளுக்கு நடுவே நான் குதித்த குதியில் இரண்டு உருண்டன.

அண்ணன் போனை வாங்கினார். வீடியோ என்பது மறந்து அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் கயலுக்கு அவர் காது மட்டும் தெரிந்திருக்கும்.

"பாப்பா, நீ எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன் அங்கிள்."

"நேரத்துக்குச் சாப்பிடுறியா?"

"ம்ம்... சாப்பிடுறேன் அங்கிள்."

"கூட்டாளிங்கல்லாம்?"

"எல்லாரும் பிஸி அங்கிள். ஐ'ம் ஓகே லா."

கண்ணை மூடியே கேட்டார். போனை என்னிடம் கொடுத்தார். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"உள்ள ஏதோ ஆடுது, தம்பி."

"ஐயோ! கம்ப்யூட்டர்லயா?"

"பாப்பாகிட்ட. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மிட்டாய் டப்பாவைக் கம்ப்யூட்டர் என்று கேட்ட காது! அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். பை காலி. டப்பா கல்லாமேல் கிடந்தது.

மெல்பர்னுக்கு டிக்கெட் போட்டாயிற்று. நாளைக்குக் கிளம்புகிறேன். வழியில் அண்ணன் கடையில் நின்று, என் பயணப் பெட்டியை அவர் காதில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் குலுக்கிப் பார்க்காமல் எங்கள் வீட்டிலிருந்து இனி எதுவும் தூரதேசம் போவதாக இல்லை, நான் உட்பட.